கிரில் கப்பலேறும், கேஸ் ஏறாது: அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்கு வருபவர்களுக்கு

டல்லாஸில் வீட்டைக் காலி செய்த கடைசி வாரம் பாதிச் சாமான்களை விற்றுவிட்டோம். சோபா போனது, டிவி போனது, மிக்ஸியை நண்பர் எடுத்துக்கொண்டார். ஒரு கையால் தூக்கிப் போகிற அளவுக்கு இருந்த சின்ன கேஸ் கிரில்லை மட்டும் விற்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் பார்த்திருந்த வீட்டுக்குப் பால்கனி உண்டு என்று புகைப்படத்தில் தெரிந்தது. போதாதா? கப்பலில் போகும் பெட்டிகளோடு அதையும் ஏற்றிவிட்டேன்.

டிவியை ஏன் விற்றோம்? அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பது எல்லோருக்கும் தெரியும். கேஸுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மின்சாரத்துக்கு வோல்ட் மாதிரி கேஸுக்கு அழுத்தம். அது நாட்டுக்கு நாடு மாறும். சிலிண்டரின் மரை மாறும், ரெகுலேட்டர் மாறும். அடாப்டர் வாங்கி மாட்டினால் மரை பொருந்தும், அழுத்தம் பொருந்தாது.

முதலில் தகட்டைப் பாருங்கள்

பெட்டி கட்டுவதற்கு முன் கிரில்லைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். என்ன கேஸ், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம் தரும் (கிலோவாட்டிலோ, பி.டி.யூ. என்ற அமெரிக்க அளவிலோ) என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

என்னுடையதில் புரொப்பேன், 11 அங்குல நீர் அழுத்தம் என்று எழுதியிருந்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு வாங்கும் பெரும்பாலான புரொப்பேன் கிரில்களின் கணக்கு இதுதான். ஐரோப்பாவில் கேஸ் அழுத்தத்தை அளக்கும் மில்லிபாரில் சொன்னால் 27, 28 வரும். சில சின்ன மேசை ரகங்கள் இதைவிட உயர்ந்த அழுத்தத்தில் ஓடும். அதனால் ஊகிக்காமல் தகட்டைப் படிப்பதே நல்லது.

ஜெர்மனியில் வீட்டு கிரில்லுக்கு 50 மில்லிபார். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அதேதான். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் புரொப்பேனுக்கு 37, பியூட்டேனுக்கு 28 முதல் 30 வரை. நெதர்லாந்தில் 30. நம் ஊர் வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டரும் ஏறக்குறைய 30 மில்லிபார்தான் தரும். ஐரோப்பாவில் விற்கும் கிரில்லின் தகட்டில் எந்தெந்த நாட்டுக்கு எந்த அழுத்தம் என்று நாட்டின் சுருக்கெழுத்தோடு போட்டிருப்பார்கள். 'டி.இ.' என்பதற்கு நேராக 50 இருந்தால் அது ஜெர்மனிக்கு உரியது.

ஆகவே வியன்னாவிலிருந்தோ ஸூரிக்கிலிருந்தோ வருபவர்கள் தாராளமாகக் கொண்டுவரலாம். அமெரிக்கா, கனடாவிலிருந்து வருபவர்கள் விற்றுவிட்டு வாருங்கள். சென்னையிலிருந்து கேஸ் அடுப்பைத் தூக்கிவர நினைப்பவர்களுக்கும் அதே பதில்தான்.

நான் செய்த கோளாறு

நான் விற்காமல் கொண்டுவந்தேன். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பிக்கலாம்.

ஜெர்மன் சிலிண்டர் ஒன்று, 50 மில்லிபார் ரெகுலேட்டர் ஒன்று, இணையத்தில் தேடிப் பிடித்த பித்தளை அடாப்டர் ஒன்று. மூன்றையும் கோத்து, என் அமெரிக்க கிரில்லின் வாயில் மாட்டினேன். பற்றவைத்தால் தீ அகல் விளக்குச் சுடர் அளவுக்குத்தான் வந்தது. முக்கால் மணி நேரம் ஆகியும் கோழி வெளுப்பாகவே கிடந்தது. காரணம் எளிது. அமெரிக்க கிரில்லில் ஏற்கெனவே ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. அது சிலிண்டரிலிருந்து நேராக வரும் முழு அழுத்தத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நான் முன்னால் இன்னொரு ரெகுலேட்டரைப் போட்டு, 50 மில்லிபாரை அதன் வாயில் ஊட்டினேன். பசித்தவனுக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி.

சரி, பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டால் போயிற்று என்று நினைத்தேனே, அதுதான் பெரிய தப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீ நீலத்தை விட்டு மஞ்சளாக, கம்பிகளுக்கு மேலே ஒரு சாண் உயரம் எழுந்தது. பர்னருக்குப் பின்னால் ஜெட் என்று ஊசிமுனை அளவு துளை உள்ள ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அந்தத் துளை 28 மில்லிபாருக்கு அளந்து போட்டது. 50 மில்லிபாரில் அதே துளை வழியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக கேஸ் வரும். அதற்கு ஈடாகக் காற்று சேராது. எரியாத கேஸ் கரியாகிக் கோழியின் மேல் படிந்தது. மூடியின் உட்பக்கம் விரலால் தொட்டால் மை. கண்ணுக்குத் தெரியும் கரியைவிட, கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுதான் ஆபத்து. உடனே நிறுத்தினேன்.

இதற்கெல்லாம் தீர்வே இல்லையா என்றால், உண்டு. சில கம்பெனிகள் தங்கள் கிரில்லுக்கு 50 மில்லிபார் ஜெட் தருகின்றன. கேரவன்களுக்கென்று 30 மில்லிபார் ரெகுலேட்டர்களும் கடையில் கிடைக்கும். நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் கேஸ் சாதனங்களுக்கு 2016/426 என்ற ஒழுங்குமுறைப்படி சி.இ. முத்திரை, அதாவது ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்ற அடையாளம், கட்டாயம். முத்திரை இல்லாத, நாமே கழற்றி மாட்டிய கிரில்லால் பால்கனியில் ஏதாவது நடந்தால், காப்பீட்டுக்காரரிடம் என்ன சொல்வோம்? புதிதாக ஒரு சின்ன கிரில் வாங்குவது மலிவு.

விற்றாலும் கொண்டுவந்தாலும்

கேஸ் சிலிண்டரோ, கார்ட்ரிட்ஜ் என்கிற சின்ன கேஸ் புட்டியோ விமானத்தில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. பாதி காலியான கார்ட்ரிட்ஜும் சிலிண்டர்தான். வீட்டுச்சாமான் கப்பலில் ஏற்றும் கம்பெனிகளும் எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் பெட்டி கட்ட வந்தவர், கிரில்லுக்குள் நான் மறந்துபோய் வைத்திருந்த பச்சை நிற ஒரு பவுண்டு புட்டியைக் கண்டுபிடித்து, எதுவும் பேசாமல் மேசையில் எடுத்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் புட்டிகளைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஊராட்சியின் அபாயக் கழிவு வாங்கும் மையத்தில் கொடுக்க வேண்டும். 20 பவுண்டு டேங்க் இருந்தால் நண்பர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பழைய கிரில்லைப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோவதென்றால் கேஸ் வாசனையே இல்லாதபடி சுத்தமாக இருக்க வேண்டும். அப்படியிருந்தும் ஏற்றுவதா இல்லையா என்பது விமானக் கம்பெனியின் முடிவு. முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுங்கத்தில் ஒரு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வசித்துவிட்டு இங்கே குடிவருபவர்கள் வீட்டுச்சாமான்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் அந்தப் பொருளைக் குறைந்தது 6 மாதம் பயன்படுத்தியிருக்க வேண்டும். வந்த பிறகு 12 மாதம் வரை விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. கிளம்பும் வாரம் தள்ளுபடியில் வாங்கிய புது கிரில் இந்தச் சலுகையில் வராது.

வார்ப்பிரும்பு தோசைக்கல், நீளமான இடுக்கி, கம்பிகள் ஆகியவற்றைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். அவற்றுக்கு வோல்ட்டும் இல்லை, மில்லிபாரும் இல்லை.

கடைக்குப் போகும் முன் வாடகை ஒப்பந்தம்

இங்கே முதலில் படிக்க வேண்டியது மீட்ஃபெர்ட்ராக், அதாவது வாடகை ஒப்பந்தம். கூடவே ஹவுஸ்ஓர்ட்னுங் என்கிற கட்டட விதிகள். பால்கனியில் கிரில் செய்யலாமா என்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் கூடாது என்று இருந்தால் கூடாதுதான். எஸ்ஸன் நகர மாவட்ட நீதிமன்றம் 2002-ல் அப்படிப்பட்ட தடை எலக்ட்ரிக் கிரில்லுக்கும் பொருந்தும் என்றே சொன்னது.

ஒப்பந்தம் வாய் திறக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்தாரின் மூக்குதான் சட்டம். ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் 1996-ல் ஒரு வழக்கில் வருடத்துக்கு மூன்று முறை போதும் என்றது. பான் நகர நீதிமன்றம் 1997-ல் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு முறை, அதுவும் 48 மணி நேரத்துக்கு முன் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு என்றது. ஆளுக்கொரு கணக்கு. கேஸில் கரியடுப்பு அளவுக்குப் புகை வராது என்பது நம் பக்கம் இருக்கும் பெரிய பலம். நான் செய்வது இதுதான்: மாடி வீட்டம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவிடுவேன், அப்புறம் ஒரு தட்டு மேலே போகும். மூன்று வருடமாகப் புகார் இல்லை. பன்னீர் டிக்காவுக்கு இப்போது அவர்களே நாள் கேட்கிறார்கள். இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பால்கனி சரிப்படாதவர்களுக்குப் பொது இடங்கள் உண்டு. ம்யூனிக்கில் இசார் ஆற்றங்கரையிலும், பெர்லினில் டெம்பெல்ஹோஃப் பழைய விமான நிலைய மைதானத்திலும் இதற்கென்றே குறித்துவிட்ட பகுதிகள் இருக்கின்றன. கண்ட புல்வெளியில் உட்கார வேண்டாம். பவேரியாவில் காட்டுக்குள்ளும் காட்டிலிருந்து 100 மீட்டர் தூரம் வரையிலும் அனுமதியில்லாமல் தீ மூட்டக் கூடாது. மற்ற மாநிலங்களிலும் இதுபோல ஏதாவது இருக்கும்.

சிலிண்டர்: சாம்பலா, சிவப்பா

பாவ்மார்க்ட் எனப்படும் கட்டுமானச் சாமான் கடைகளிலும் பல பெட்ரோல் பங்க்குகளிலும் சிலிண்டர் கிடைக்கும். 5 கிலோ, 11 கிலோ இரண்டும் சகஜம். சின்ன கிரில்லுக்கு 5 கிலோ தாராளம்.

நிறத்தைக் கவனியுங்கள். சாம்பல் நிறச் சிலிண்டர் உங்கள் சொந்தம். காலியானதைக் கொடுத்து, கேஸுக்கு மட்டும் காசு கொடுத்து, ஏறக்குறைய எந்தக் கடையிலும் மாற்றலாம். சிவப்பு வாடகைச் சிலிண்டர். முன்பணம் கட்டி எடுப்பது. அந்தக் கம்பெனியின் ஆட்களிடம்தான் திருப்ப முடியும், ரசீதும் வேண்டும். ஒரு வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்பவர்களுக்குச் சிவப்பு சரி, ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். இருக்கப்போகிறவர்கள் சாம்பல் வாங்குங்கள். நான் ரசீதைத் தொலைக்கிற ரகம், அதனால் சாம்பல்.

பூங்காவுக்குப் போக மட்டும் என்றால் கார்ட்ரிட்ஜ் போதும். ஆனால் அதில் திருகுகிற வகை, க்ளிக் என்று மாட்டுகிற வகை, துளைத்து மாட்டுகிற வகை என்று மூன்று இருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஆகாது. அமெரிக்கப் பச்சைப் புட்டியின் மரை இந்த மூன்றிலும் சேராது. கார்ட்ரிட்ஜில் இன்னொரு குறை, பெரும்பாலும் பியூட்டேன் கலந்திருக்கும். பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். நவம்பரில் கார்ட்ரிட்ஜோடு போனால் தீ சோர்ந்துவிடும்.

கணக்கு வேண்டுமா? 3 கிலோவாட் கிரில் முழுத் தீயில் மணிக்குச் சுமார் 220 கிராம் குடிக்கும். 450 கிராம் கார்ட்ரிட்ஜ் இரண்டு மணி நேரம். 5 கிலோ சிலிண்டர் இருபது மணி நேரத்துக்குமேல். எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சிலிண்டரைத் தராசில் வைத்து, அதன் மேலே பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழியுங்கள்.

மாட்டுவது

நம் ஊரில் ரெகுலேட்டரை 'டக்' என்று அமுக்கி, குமிழைத் திருப்பினால் வேலை முடிந்தது. இங்கே மரை. அதுவும் இடது மரை. அதாவது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால் இறுகும், கடிகார முள் திசையில் சுற்றினால் கழலும். முதல் நாள் நான் பத்து நிமிடம் தப்புப் பக்கம் முறுக்கி, சிலிண்டர் பழுது என்று முடிவே கட்டிவிட்டேன். குழப்பத்துக்கு மேல் குழப்பம், சிலிண்டரின் தலையில் இருக்கும் வால்வு மட்டும் வழக்கம்போலத்தான்: கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால் திறக்கும்.

சிலிண்டர் வாயில் உள்ள ரப்பர் வாஷர் வெடிக்காமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரெகுலேட்டரின் பெரிய பல்சக்கரத்தைக் கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் வாஷர் நசுங்கிவிடும். ரெகுலேட்டரின் மறுமுனையில் ட்யூப் மாட்டும் சின்ன நட்டுக்குத்தான் 17 எம்.எம். ஸ்பேனர், அதுவும் இடது மரைதான். ரெகுலேட்டரிலும் ட்யூபிலும் தயாரித்த வருடம் பொறித்திருக்கும். 10 வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். யாராவது பழைய கிரில்லைச் சும்மா கொடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் கலந்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். கிரில்லின் குமிழ் மூடி இருக்க வேண்டும், சிலிண்டர் வால்வு திறந்திருக்க வேண்டும். இணைப்பின் ஓரத்தில் கடுகு அளவில் குமிழி வந்து பெரிதாகிக்கொண்டே போனால் கசிவு. வால்வை மூடி, இணைப்பை இறுக்கி, மறுபடி திறந்து தடவுங்கள். அப்படியும் நிற்கவில்லையா, அன்றைக்கு உப்புமா செய்துகொள்ளுங்கள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை உண்டு.

பற்றவைப்பது

மூடியைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளே கேஸ் சேர்ந்து, பொறி பட்டதும் மூடி முகத்துக்கு வரும். சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, குமிழை முழுசாகத் திருப்பி, பொறி பட்டனை அமுக்குங்கள். ஐந்து விநாடியில் பற்றவில்லை என்றால் கேஸ் குமிழை மூடிவிட்டு ஐந்து நிமிடம் நகர்ந்து நில்லுங்கள்.

தீ நீலமாக, நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் இருந்தால் நல்லது. நன்றாக இருந்த கிரில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த பிறகு மஞ்சளாக எரிந்தால் சிலந்தியைச் சந்தேகப்படுங்கள். பர்னர் குழாய்க்குள் கூடு கட்டுவது அதற்கு ரொம்பப் பிடித்த வேலை. நீளமான பிரஷ்ஷை விட்டுத் துடைத்தால் போதும்.

பத்து நிமிடம் மூடியைப் போட்டுச் சூடேற்றிய பிறகு கம்பியில் எண்ணெய் தடவி, அப்புறம் வையுங்கள். நம் மசாலாவுக்கு ஒரு சேதி: தயிரும் எண்ணெயுமாக ஊறிய கோழியை அப்படியே போட்டால் சொட்டுகிற ஒவ்வொரு துளிக்கும் தீ குபீர் என்று எழும். ஊறவைத்ததை வழித்துவிட்டுப் போடுங்கள், மிச்ச மசாலாவைக் கடைசியில் தடவலாம். முழுக் கத்தரிக்காயைச் சுட்டு எடுத்தால் வரும் தொக்குக்காகவே கிரில் வாங்கலாம் என்பது என் கட்சி.

முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ட்யூபில் மிச்சம் இருக்கும் கேஸ் எரிந்து தீர்ந்ததும் கிரில்லின் குமிழை மூடலாம்.

எங்கே வைப்பது

கெல்லர் என்கிற நிலவறை இங்கே பல வீடுகளுக்கு உண்டு; சிலிண்டரை அங்கே வைக்கத்தான் கை போகும். கூடவே கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். மாடிப்படி, கராஜும் வேண்டாம். பால்கனியில் வெயில் படாத மூலையில், நிமிர்த்தி, வாய்மூடி போட்டு வையுங்கள். காரில் கொண்டுபோகும்போதும் வாய்மூடி போட்டு, உருளாமல் கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, போய்ச் சேர்ந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் கண்ணாடி போட்டு மூடிய பால்கனியிலோ, கூடாரத்துக்குள்ளோ, அடுக்களை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டோ பற்றவைக்க நினைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலை சுற்றுவது தெரிவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். மழை என்றால் குடை பிடித்துக்கொண்டு வெளியே நில்லுங்கள், நான் நின்றிருக்கிறேன்.

என் டல்லாஸ் கிரில் அந்த 12 மாதக் கணக்கு முடியும்வரை கெல்லரில் கிடந்தது. கேஸ் இல்லாத வெறும் இரும்பு என்பதால் அதற்கு அங்கே இடம் உண்டு. அப்புறம் ஊர் மறுசுழற்சி முற்றத்தில் உலோகத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அதன் வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு மட்டும் புது கிரில்லில் அரை அங்குலம் இடைவெளி விட்டு உட்காருகிறது.